மாதா கோயிலில் இரண்டு மைக்

பெங்களூரு சிவாஜிநகரில் ரசல் மார்க்கெட்டுக்கு எதிரே மரியன்னை பேராலயம் இருக்கிறது. அங்கே போனால் ஒரு வேலை செய்யுங்கள். கூட வந்த பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு, வண்டி வராத இடமாகப் பார்த்து ஒதுங்கி, ஒரு நிமிடம் கண்ணை மூடி நில்லுங்கள். இடப்பக்கம் ஆட்டோ ஹாரன். வலப்பக்கம் பழக்காரர் விலை கூவுகிறார். பின்னால் கோயில் மணி. தூரத்தில் பள்ளிவாசலின் பாங்கு. கண் திறக்காமலே ஒவ்வொன்றையும் நோக்கி விரல் நீட்டிவிடுவீர்கள்.

அதே ஒரு நிமிடத்தை ஒற்றை மைக்கில் பதிவு செய்து, வீட்டில் ஒற்றை ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். ஹாரன் இருக்கும், மணி இருக்கும், பழக்காரரும் இருப்பார். ஆனால் எல்லாம் ஒரே துவாரத்திலிருந்து வரும். எது எந்தப் பக்கம் என்று இப்போது விரல் நீட்ட முடியாது. இடம் தொலைந்துவிட்டது. அந்த இடத்தையும் சேர்த்துப் பிடித்துவருவதுதான் ஸ்டீரியோ. அதற்கு இரண்டு மைக் வேண்டும். அவற்றை எங்கே, எவ்வளவு இடைவெளி விட்டு, எந்தக் கோணத்தில் வைப்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. என்னைக் கேட்டால் முக்கால் வேலை.

முதலில் நம் காதைப் பற்றிக் கொஞ்சம். 20 டிகிரி வெப்பத்தில் ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. நம் இரண்டு காதுகளுக்கும் நடுவே 17, 18 சென்டிமீட்டர்தான் இருக்கும். இடப்பக்கத்து ஹாரன் முதலில் இடது காதைத் தொடுகிறது. பிறகு தலையைச் சுற்றிக்கொண்டு வலது காதுக்குப் போகிறது. இதற்கு எவ்வளவு நேரம்? ஒரு விநாடியை ஆயிரம் பங்காக்கினால், அதில் ஒரு பங்குகூட ஆகாது. முக்கால் பங்குக்கும் குறைவு. அந்தச் சின்னஞ்சிறு தாமதத்தை மூளை கவனித்துவிடுகிறது.

நம்பமுடியவில்லையா? ஒன்றரை மீட்டர் நீளத்துக்குத் தோட்டத்து ரப்பர் குழாய் ஒன்றை எடுங்கள். அளந்து, சரியாக நடுவில் பேனாவால் கோடு போடுங்கள். குழாயின் இரண்டு முனைகளையும் இரண்டு காதருகே பிடித்துக்கொள்ளுங்கள். காதுக்குள் திணிக்க வேண்டாம். குழாயின் நடுப்பகுதி உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்கட்டும். நண்பர் பென்சிலால் மெல்லத் தட்டட்டும். கோட்டின் மேல் தட்டினால் சத்தம் நடுவில் கேட்கும். கோட்டிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளித் தட்டினால், எந்தப் பக்கம் என்று உடனே சொல்லிவிடுவீர்கள். அங்கே ஒரு காதுக்கான பாதை 2 சென்டிமீட்டர் குறைந்து, மறு காதுக்கான பாதை 2 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. வித்தியாசம் மொத்தம் 4 சென்டிமீட்டர். நேரக் கணக்கில் அது விநாடியில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு! ஒரு தோட்டக் குழாயை வைத்து உங்கள் மூளையின் கடிகாரத்தைச் சோதித்துவிட்டீர்கள்.

தாமதம் மட்டும் அல்ல. தலை ஒலிக்குக் குறுக்கே நிற்பதால் மறுபக்கக் காதில் சத்தம் குறைகிறது. எல்லா ஒலிக்கும் அப்படிக் குறைவதில்லை என்பதுதான் சுவையான விஷயம். விநாடிக்கு 100 முறை அதிரும் டிரம் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர். அவ்வளவு பெரிய அலைக்கு நம் தலை ஒரு தடையே இல்லை. சுலபமாக வளைந்து போய்விடும். ஜால்ராவின் கணீர் ஒலியில் 5,000 ஹெர்ட்ஸ் அதிர்வுகள் உண்டு. அவற்றின் அலைநீளம் 7 சென்டிமீட்டர்தான். தலை அவற்றை மறைத்துவிடும், ஒளியை மறைத்து நிழல் விழுவதுபோலவே. ஆக, கனத்த ஒலி எந்தப் பக்கம் என்பதை மூளை முக்கியமாக நேரத்தை வைத்துக் கண்டுபிடிக்கிறது. மெல்லிய கீச்சொலியின் பக்கத்தைச் சத்தத்தின் அளவை வைத்துக் கண்டுபிடிக்கிறது. இந்த இரட்டை வழியை 1907-ல் எழுதி வைத்தவர் இங்கிலாந்தின் ரேலி பிரபு. ஸ்டீரியோ மைக் வைக்கும் முறைகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றையோ, இரண்டையும் சேர்த்தோ பயன்படுத்துகின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

பேராலயத்துக்கு வருவோம். செஞ்சிப் பக்கத்திலிருந்து குடிவந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் காணிக்கை மாதா பெயரில் ஒரு கூரைக் கோயில் கட்டினார்கள், அதுதான் இதற்கு மூலம் என்பார்கள். ஊருக்கு அன்று பிளாக்பள்ளி என்று பெயர். இன்று நாம் பார்க்கும் கூர்மாட வளைவுக் கட்டடத்தை 1875-ல் தொடங்கி, 1882 செப்டம்பர் 8 அன்று அர்ச்சித்தார்கள். 1970-களில் இது பசிலிக்கா என்னும் சிறப்புத் தகுதி பெற்றது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 29-ல் கொடியேறி, செப்டம்பர் 8-ல் தேர் வரும்போது சிவாஜிநகர் முழுக்கக் காவி உடுத்தியவர்கள் நிறைந்திருப்பார்கள்.

இங்கே கட்டடம் முடியும் தறுவாயில், 1881-ல், பாரிஸில் மின்சாரக் கண்காட்சி ஒன்று நடந்தது. க்ளெமென்ட் அடேர் என்ற பொறியாளர் பாரிஸ் இசைநாடக அரங்கின் மேடை விளிம்பில் வரிசையாக டெலிபோன் வாய்களைப் பதித்தார். அவற்றிலிருந்து கம்பி இழுத்து, கண்காட்சிக்கு வந்தவர்களின் ஒவ்வொரு காதிலும் ஒரு டெலிபோனை வைத்துக் கேட்கச் சொன்னார். இடது காதுக்கு வந்தது மேடையின் ஒரு பக்கம், வலது காதுக்கு வந்தது மறு பக்கம். பாடகர் மேடையில் நடந்தால், தூரத்தில் இருந்து கேட்டவர்களுக்கும் அவர் நகர்வது தெரிந்தது! ஸ்டீரியோ அங்கேதான் முதன்முதலில் காதில் விழுந்தது.

ஐம்பது ஆண்டுகள் கழித்து ஸ்டீரியோவை முழு விஞ்ஞானமாக்கியவர் ஆலன் ப்ளம்லைன். லண்டனில் இ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பின்னாளில் மனைவியான பெண்ணோடு சினிமாவுக்குப் போனபோது, நடிகர் திரையின் ஒரு கோடியில் நிற்க, குரல் வேறு இடத்திலிருந்து வந்தது அவருக்குப் பொறுக்கவில்லை என்று சொல்வார்கள். 1931 டிசம்பரில், 28 வயதில், அவர் கொடுத்த காப்புரிமை விண்ணப்பத்தில் இன்றைய ஸ்டீரியோவின் பெரும்பகுதி இருக்கிறது. இசைத்தட்டின் ஒரே பள்ளத்தில், இடது சுவரில் இடது காதுக்கும் வலது சுவரில் வலது காதுக்கும் ஒலியைச் செதுக்கலாம் என்ற யோசனைகூட அதில்தான் வந்தது. 1934-ல் அபி ரோடு ஸ்டூடியோவில் லண்டன் பில்ஹார்மோனிக் குழு மோட்சார்ட்டை வாசித்தபோது இந்த முறையில் பதிவும் செய்தார். 1942 ஜூனில், ரேடார் கருவி ஒன்றைப் பறக்கும் விமானத்தில் சோதித்தபோது விமானம் விழுந்து இறந்துபோனார். வயது 38. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தது 1950-களின் கடைசியில். அவர் கண்ணால் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறை இயர்போனை மாட்டும்போதும் நன்றியோடு நினைக்க வேண்டியவர்களில் ப்ளம்லைன் ஒருவர் என்பேன்.

இனி, பேராலயத்துப் பாடகர் குழுவைப் பதிவு செய்ய உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குழு 6 மீட்டர் அகலத்துக்கு நிற்கிறது. இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள், ஓரத்தில் தபேலா. கையில் இரண்டு மைக்.

உடனே தோன்றுவது, ஆளுக்கொரு கோடியாக இரண்டையும் தள்ளி வைப்பது. இதற்கு ஏ-பி முறை என்று பெயர். நேர வித்தியாசத்தை நம்பும் முறை இது. எல்லாப் பக்கமும் கேட்கும் மைக்குகளை 50 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்தால் அழகான, விசாலமான ஒலி வரும். ஆசைப்பட்டு 3, 4 மீட்டர் தள்ளிவிட்டால், இடது ஸ்பீக்கரில் பெண்கள் கூட்டமாக இருப்பார்கள், வலதில் ஆண்கள் கூட்டமாக இருப்பார்கள், முன்பல் விழுந்த வாய்போல நடுவில் ஓட்டை தெரியும். 1950-களில் டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பொறியாளர்கள் இந்த ஓட்டையை அடைக்க ஒரு வழி கண்டார்கள். இரண்டு மைக்கை ஏறத்தாழ 2 மீட்டர் இடைவெளியில் வைத்து, மூன்றாவதை நடுவில், சற்று முன்னால் நீட்டினார்கள். அந்தத் தாங்கிக்கு டெக்கா மரம் என்று பெயர். பெரிய வாத்தியக் குழுக்களையும் சினிமாப் பின்னணி இசையையும் இன்றும் அதில் பதிவு செய்கிறார்கள்.

இதற்கு நேர் எதிர், எக்ஸ்-ஒய் முறை. இங்கே இரண்டு மைக்கின் தலைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக, கிட்டத்தட்ட ஒரே புள்ளியில் இருக்கும். ஒன்று இடப்பக்கம் பார்க்கும், மற்றொன்று வலப்பக்கம் பார்க்கும், நடுவே 90 பாகை கோணம். ஒரே புள்ளி என்பதால் நேர வித்தியாசம் கிடையாது. சத்த வித்தியாசம் மட்டும்தான். முன்னால் வருவதை நன்றாகக் கேட்டு, பின்னால் வருவதைத் தள்ளிவிடும் கார்டியாய்டு மைக்குகள் இதற்கு ஏற்றவை. கையடக்க ரெக்கார்டர் சிலவற்றின் உச்சியில் இரண்டு குட்டி மைக்குகள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இதுதான். படம் தெளிவாக இருக்கும், ஆனால் கொஞ்சம் ஒடுங்கி இருக்கும். 6 மீட்டர்க் குழு 3 மீட்டரில் நெருங்கி நிற்பதுபோலத் தோன்றும்.

நேரமும் வேண்டும், சத்த வித்தியாசமும் வேண்டும் என்றால்? பிரெஞ்சு வானொலிக்காரர்கள் 1960 வாக்கில் அதற்கு விடை சொன்னார்கள். இரண்டு கார்டியாய்டு மைக்குகள், நடுவே 17 சென்டிமீட்டர், கோணம் 110 பாகை. வானொலி நிறுவனத்தின் பெயரிலேயே ஓ.ஆர்.டி.எஃப். முறை என்கிறார்கள். 17 சென்டிமீட்டர் எங்கேயோ கேட்ட எண்ணாக இருக்கிறதல்லவா? ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலையும் பாகைமானியையும் எடுத்து, காகிதத்தில் 17 சென்டிமீட்டர்க் கோடு போட்டு, இரண்டு முனையிலும், நேர் முன்திசையிலிருந்து வெளிப்பக்கமாக 55, 55 பாகை விலக்கி அம்புக்குறி வரைந்து பாருங்கள். இந்த முறையில் மைக்குக்கு முன்னால் சுமார் 95 பாகை அகலத்தில் நிற்பவர்கள் இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே முழுதாகப் பரவி நிற்பார்கள். நம் 6 மீட்டர்க் குழுவுக்கு, 3 மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் மைக்கை நிறுத்தினால் கணக்கு ஒத்துவரும். முதன்முறை பதிவு செய்பவர்களுக்கு நான் சொல்வது இந்த முறையைத்தான்.

உயரத்தையும் மறக்கக் கூடாது. மைக் ஸ்டாண்டை இரண்டரை, மூன்று மீட்டருக்கு உயர்த்தி, தலையைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். இல்லாவிட்டால் முன்வரிசைக்காரர்களின் தலை பின்வரிசையின் குரலை மறைத்துவிடும். முன்னே சொன்ன அதே நிழல்தான்.

இனிமேல்தான் பேராலயம் தன் வேலையைக் காட்டும். உயரமான கூரை, சுவர், தூண், வண்ணக் கண்ணாடி எல்லாம் ஒலியைத் திருப்பி அனுப்புபவை. குரல் நேராக ஒருமுறை மைக்கை அடைகிறது. பிறகு கூரையிலும் சுவரிலும் பட்டுப் பட்டு நூறு தடவை வந்து சேர்கிறது. குழுவுக்குப் பக்கத்தில் நேரடிக் குரல் ஓங்கி இருக்கும். விலகிப் போகப் போக அது தேய்ந்து, ஒரு தூரத்தில் எதிரொலிக்குச் சமமாகி, அதற்கு அப்பால் எதிரொலி முந்திக்கொள்ளும். அந்த எல்லையை அளக்கக் கருவி வேண்டாம். குழு ஒத்திகை பார்க்கும்போது, பாட்டின் சொற்களைக் கவனித்துக்கொண்டே பின்பக்கமாக மெல்ல நடந்து போங்கள். சொற்கள் குழையத் தொடங்கும் இடம் தெரியும். மைக் அதற்கு முன்னால் நிற்க வேண்டும்.

எவ்வளவு முன்னால்? இங்கே இன்னொரு சோதனை. நல்ல ஒலி வருகிறது என்று தோன்றும் இடத்தில் நின்று, ஒரு காதை விரலால் அடையுங்கள். சட்டென்று எதிரொலி கூடிவிட்டதுபோல இருக்கும்! கட்டடம் மாறவில்லை. இரண்டு காதும் திறந்திருக்கும்போது, வேண்டாத எதிரொலியைப் பின்னுக்குத் தள்ள மூளைக்கு வசதி இருக்கிறது. ஒரு காதில் அந்த வசதி போய்விடுகிறது. மைக்குக்கு மூளையே கிடையாது. அதனால்தான் காதுக்கு இனித்த இடத்திலேயே மைக்கை வைத்தால், பதிவில் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. காது சொல்லும் இடத்திலிருந்து இன்னும் சில அடி முன்னே போங்கள்.

கட்டடத்தின் ஒலியை விரட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதுவும் வேண்டும். நம் ஊர்த் திருவிழாக்களில் பதிவு செய்பவர்கள் பெரும்பாலும் மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்கிறார்கள். குரல் பளிச்சென்று வரும். அது சிவாஜிநகரில் பாடியதா, யார் வீட்டுப் படுக்கையறையில் பாடியதா என்று யாராலும் சொல்ல முடியாது. 1882-ல் எழுந்த கூரை பாட்டோடு சேர்ந்து பாடியதை விட்டுவிட்டோம். எனக்கு அது பெரிய இழப்பாகப் படுகிறது.

கட்டடத்தையும் சேர்த்துப் பதிவு செய்தவர் ஒருவரைச் சொல்கிறேன். இலங்கையில் பிறந்த கவி அலெக்சாண்டர், அமெரிக்காவின் சாண்டா பார்பராவில் வாட்டர் லில்லி அக்கூஸ்டிக்ஸ் என்ற சிறிய இசை நிறுவனம் நடத்தினார். 1992 செப்டம்பரில், ராஜஸ்தானிலிருந்து மோகன வீணைக் கலைஞர் விஸ்வமோகன் பட்டையும் அமெரிக்க கிட்டார் கலைஞர் ரை கூடரையும் அங்கேயுள்ள ஒரு சிற்றாலயத்தில் உட்கார வைத்தார். இருவரும் ஒருவரையொருவர் சந்தித்தே ஒரு மணி நேரம் ஆகவில்லை. கூடவே ஒரு தபேலாக்காரர். டும்பெக் என்னும் அரபுப் பறை வாசித்தது ரை கூடரின் மகன் ஜோவாகிம். வயது 14. ஆளுக்கொரு மைக் கொடுக்கவில்லை அலெக்சாண்டர். ப்ளம்லைன் வகுத்த முறையில் மைக் ஜோடி வைத்துப் பிடித்தார்.

ப்ளம்லைன் ஜோடி என்பது எக்ஸ்-ஒய் போன்றதுதான். ஆனால் அதில் வரும் மைக்குகள் முன்னாலும் கேட்கும், பின்னாலும் கேட்கும், பக்கவாட்டில் மட்டும் கேட்காது. அது கேட்கும் பகுதியை வரைந்தால் 8 என்ற எண்ணின் வடிவம் வரும். அப்படி இரண்டு எட்டுகளை 90 பாகையில் குறுக்கே வைத்தால், முன்னால் வாசிப்பவர்களோடு பின்னால் திரும்பி வரும் ஆலயத்தின் ஒலியும் சேர்ந்து வரும். மோசமான அறையில் இந்த முறை காலை வாரும். நல்ல ஆலயத்தில் இதற்கு இணை இல்லை. அன்று பதிவானது 1993-ல் ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ என்ற தொகுப்பாக வந்தது. 1994-ல் கிராமி விருதும் வாங்கியது.

அதற்காக, ஆளுக்கொரு மைக் வைப்பது தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். மைக்செட் வைத்து ஆயிரம் பேருக்குக் கேட்க வைக்க அதுதான் வழி. ஆனால் மிருதங்கத்தின் வலந்தலைக்கு ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக் வைத்து, ஒன்றை இடது ஸ்பீக்கரிலும் மற்றதை வலது ஸ்பீக்கரிலும் திறந்துவிடுகிறார்களே, அது ஸ்டீரியோ ஆகாது. கேட்பவருக்கு மிருதங்கம் அறை அகலத்துக்கு வீங்கித் தெரியும். பாடகர் அதற்குள்ளே உட்கார்ந்திருப்பார்! கச்சேரி மேடையில் பாடகருக்கு இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம் என்பது வழக்கம். நமக்கு எதிரே பார்க்கும்போது வயலின் வலப்புறம், மிருதங்கம் இடப்புறம். நல்ல பதிவில் கண்ணை மூடினால் அவரவர் அங்கங்கே இருக்க வேண்டும்.

இன்னும் ஒரு சிக்கல் பாக்கி. நீங்கள் அருமையாகப் பதிவு செய்து அனுப்புகிறீர்கள். ரசல் மார்க்கெட் கடைக்காரர் அதை ஒற்றை ஸ்பீக்கர் வைத்த ரேடியோவில் போடுகிறார். இடதும் வலதும் கலந்து ஒன்றாகிவிடும். 17 சென்டிமீட்டர் தள்ளியிருந்த இரண்டு மைக்கில் பதிவான ஒலிகள், ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் வந்து கலக்கின்றன. முழுப் பக்கவாட்டிலிருந்து வரும் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை எடுத்துக்கொண்டால், அதன் அலைநீளம் 34 சென்டிமீட்டர். அதில் சரியாகப் பாதி 17. அதனால் ஒரு மைக்கில் அலை மேலே ஏறும்போது மற்றதில் கீழே இறங்கும். கலந்தால் ஒன்று மற்றதை ஓரளவு அழிக்கும். மைக் இடைவெளி கூடக்கூட இந்த அழிவு கீழ்ச் சுரங்களுக்கும் இறங்கும். ஒரே புள்ளியில் இருக்கும் எக்ஸ்-ஒய் முறையில் இந்தத் தொல்லை இல்லை.

டென்மார்க் வானொலியின் ஹோல்கர் லாரிட்சன் 1950-களில் பரப்பிய எம்-எஸ் முறையில் இதற்கு அல்ஜீப்ரா விடையே இருக்கிறது. ஒரு மைக் நேராகப் பார்க்கும். அதை ‘ந’ என்போம். எட்டு வடிவ மைக் ஒன்று பக்கவாட்டில் பார்க்கும், அது ‘ப’. இடது காதுக்கு ந + ப, வலது காதுக்கு ந − ப. இரண்டையும் கலந்தால் என்ன வரும்? கூட்டிப் பாருங்கள். ‘ப’ முழுதாக மறைந்து 2ந மட்டும் நிற்கும். கடைக்காரருக்கு நடு மைக்கின் சுத்தமான பாட்டு போய்ச் சேரும். எட்டாம் வகுப்புக் கணக்கு இப்படி வேலை செய்வதைப் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

மைக் இல்லாவிட்டால் என்ன, போனில் தொடங்குங்கள். பல போன்களில் மேல் முனையில் ஒன்றும் கீழ் முனையில் ஒன்றுமாக மைக் இருக்கிறது. நடுவே ஏறக்குறைய 15 சென்டிமீட்டர்! போனைப் படுக்கைவாட்டில் பிடித்து வீடியோ எடுத்தால் சில போன்கள் ஸ்டீரியோவாகவே பதிவு செய்யும். உங்கள் போன் அப்படியா என்று பார்க்க, நண்பரை இடமிருந்து வலமாகக் கைதட்டிக்கொண்டே நடக்கச் சொல்லிப் பதிவு செய்து, இயர்போனில் கேளுங்கள். இரண்டு போன்களை இரண்டு பக்கம் வைத்துப் பிறகு ஒட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு போனின் கடிகாரமும் துளித்துளியாக வேறு வேகத்தில் ஓடும். நீளமான பாட்டு முடிவதற்குள் இரண்டும் விலகிவிடும்.

ஆலயத்தில் பதிவு செய்யப் பங்குத்தந்தையிடமும் பாடகர் குழுவிடமும் முன்னதாகவே அனுமதி கேளுங்கள். ஸ்டாண்டை நடைபாதையில் நிறுத்தாதீர்கள். ஒயரைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுங்கள். குழுவிலிருந்து மைக் எத்தனை மீட்டர், உயரம் என்ன, கோணம் என்ன, ஆலயத்தில் கூட்டம் எவ்வளவு என்று நோட்டில் எழுதுங்கள். கூட்டம் எதற்கு என்றால், மனித உடம்பும் துணியும் ஒலியைக் குடித்துவிடும். காலியான ஆலயத்தில் சரியாக இருந்த தூரம், திருவிழாப் பூசையில் சரியாக இருக்காது. கடைசியாக, பாட்டு தொடங்குமுன் ஒருவர் இடது மைக்கின் அருகே போய் ‘இடது’ என்றும், வலது மைக்கின் அருகே போய் ‘வலது’ என்றும் சொல்லட்டும். ஒயரை மாற்றிச் செருகுவது அனுபவசாலிகளுக்கும் நேர்வதுதான். அந்த இரண்டு சொற்கள் பதிவில் இருந்தால், தபேலா எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது என்று பத்து வருடம் கழித்தும் சண்டை வராது.